முதலில் வரிசை, பிறகு வெண்மை

பல்லை வரிசைப்படுத்தும் பிளாஸ்டிக் உறையான அலைனரைப் போட்டு மூன்று நான்கு மாதம் ஆனவர்கள் பல் மருத்துவரிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "டாக்டர், இந்த ட்ரேக்குள்ளயே வெள்ளையாக்குற ஜெல்லைப் போட்டுக்கலாமா? ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடுமில்ல?"

கேட்பதில் தப்பில்லை. பல்லோடு கச்சிதமாகப் பொருந்தும் உறை ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறது. வீட்டிலேயே பல்லை வெளுக்கவைக்க மருத்துவர் செய்து தரும் ட்ரேயும் பார்வைக்கு ஏறக்குறைய அதே மாதிரிதான். ஒன்றை வைத்து இன்னொன்றின் வேலையையும் முடித்தால் பணமும் மிச்சம், நாளும் மிச்சம்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். செய்ய முடியும், சிலருக்கு மருத்துவர்களே அனுமதிக்கிறார்கள். ஆனால் பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடியும்வரை பொறுத்திருப்பதுதான் லாபம். அந்த மாதங்களில் பார்க்க வேண்டிய வேலை வேறு: இருக்கிற நிறம் கெடாமல் காப்பது. காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது?

பல்லின் மேலே தெரிவது எனாமல். எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம்; உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் இதுதான். சுவரில் அடித்த சுண்ணாம்பைப் போல அது எதையும் முழுசாக மறைப்பதில்லை. பனி படிந்த கண்ணாடியைப் போல ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இளமஞ்சள் நிறம். ஆக, நாம் பார்க்கும் பல்லின் நிறம் இரண்டும் சேர்ந்த கலவை.

கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஈறை ஒட்டிய பகுதி சற்று மஞ்சளாகவும், கடிக்கும் நுனி வெளிறியும் தெரியும். ஈறோரம் எனாமல் மெலிந்துகொண்டே போவதுதான் காரணம். கோரைப்பற்கள் பக்கத்துப் பற்களைவிட இயல்பாகவே அழுத்தமான நிறம். வயது ஏற ஏற எனாமல் தேயும், டென்டின் தடிக்கும். அதனால் ஐம்பது வயதுக்காரரின் பல் இருபது வயதுக்காரரின் பல்லைவிட மஞ்சளாக இருக்கும். இவையெல்லாம் நோயும் இல்லை, அழுக்கும் இல்லை.

கறை என்பது இதற்கு மேல் வந்து சேர்வது. அதில் இரண்டு வகை. காபி, தேநீர், வெற்றிலை பாக்கு, புகையிலை, இரும்புச்சத்து சிரப், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்க் கொப்பளிப்பு மருந்து ஆகியவை பல்லின் மேற்பரப்பில் படியும் கறை. இதில் பெரும்பகுதி, மருத்துவர் செய்யும் ஸ்கேலிங்கிலும் பாலிஷிலும் போய்விடும். இரண்டாவது வகை பல்லுக்குள்ளேயே இருப்பது. பல் உருவாகும் சிறு வயதில் டெட்ராசைக்ளின் மருந்து சாப்பிட்டவர்களுக்குச் சாம்பலும் பழுப்பும் கலந்த பட்டைகள் வரும். குடிநீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு வெண்திட்டும் பழுப்புத் திட்டும் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடுக்கு மாற்றாகக் காவிரி நீரைக் கொண்டுவரத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது.

எந்த வகைக் கறை என்று தெரியாமல் ஜெல் வாங்குவது, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை வாங்குவதற்குச் சமம்.

கிளிப் போடும் மருத்துவர் தற்செயலாகக் கண்டது

வீட்டிலேயே ட்ரேயில் ஜெல் போட்டு வெளுக்கவைக்கும் முறை, கிளிப் போடும் மருத்துவர் ஒருவரிடமிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊரில் பில் க்ளூஸ்மியர் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் இருந்தார். ஈறு வீங்கியிருந்த நோயாளிகளிடம், இரவில் மாட்டிக்கொள்ளும் 'பொசிஷனர்' என்ற பல் உறைக்குள் கிளை-ஆக்சைடு என்ற வாய்ப்புண் மருந்தை விட்டுக்கொள்ளச் சொன்னார். ஈறு ஆறியது. கூடவே பல்லும் வெளுத்திருந்தது. அந்த மருந்தில் இருந்தது 10 சதவீத கார்பமைட் பெராக்சைடு. 1989இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஹேவுட், ஹேமன் இருவரும் இந்த முறையை ஆய்விதழில் வெளியிட்ட பிறகு உலகெங்கும் பரவியது. இன்றும் வீட்டு முறைக்கு அளவுகோலாக இருப்பது அதே 10 சதவீத ஜெல்தான்.

வாயில் அது சுமார் 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் யூரியாவாகவும் பிரியும். பெராக்சைடு எனாமலைச் சுரண்டுவதில்லை. எனாமலின் நுண்ணிய இடைவெளிகள் வழியாக உள்ளே போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை நிறம் குறைந்த சிறு துண்டுகளாக உடைக்கிறது. சில நிமிடங்களிலேயே அது டென்டினையும் கடந்து, நரம்பு இருக்கும் பல்கூழ்வரை போய்விடும். பல் கூச்சம் வருவது இதனால்தான்.

க்ளூஸ்மியர் பயன்படுத்திய பொசிஷனர், கம்பிக் கிளிப்பைக் கழற்றிய பின் மாட்டுகிற உறை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பல் வரிசைக்கு வந்த பிறகுதான் வெண்மை வந்தது.

சிகிச்சை நடக்கும்போது ஏன் வேண்டாம்?

முதல் காரணம், பல்லின் மேல் ஒட்டியிருக்கும் பொட்டுகள். 'அட்டாச்மென்ட்' என்பார்கள், சிலர் 'பட்டன்' என்பார்கள். அலைனர் பல்லைப் பிடித்துத் திருப்பவும் இழுக்கவும் வசதியாக, பல்நிறத்தில் உள்ள காம்போசிட் பசையால் செய்த சிறு மேடுகள் அவை. பெராக்சைடு பல்லை வெளுக்கவைக்கும், காம்போசிட்டை வெளுக்கவைக்காது. பல் வெளுத்து, பொட்டு மட்டும் பழைய நிறத்தில் நின்றால், இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். பொட்டுக்கு அடியில் உள்ள பல் கறுப்பாகவே நின்றுவிடும் என்ற பயம் முழுக்கச் சரியல்ல. பெராக்சைடு பல்லுக்குள் பக்கவாட்டிலும் பரவும். ஆனால் எல்லா இடமும் சமமாக வெளுத்ததா என்பதைப் பொட்டை எடுத்த பிறகுதான் சொல்ல முடியும்.

இரண்டாவது, மறைந்திருக்கும் பல்முகங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய பற்களில் பிரஷ் நுழையாத மடிப்புகள் உண்டு. அங்கே பல வருடத்துக் கறை ஒளிந்திருக்கும். பல் வரிசைக்கு வர வர அந்த முகங்கள் வெளிச்சத்துக்கு வரும். உள்ளே தள்ளிக்கிடந்த பல்லின் மேல் விழுந்த நிழலும் விலகும். முன்பு கறுத்துத் தெரிந்தது நிழல்தானோ என்றுகூடத் தோன்றும். எல்லாப் பற்களும் இடத்துக்கு வந்த பிறகு பார்த்தால்தான் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதே தெரியும்.

மூன்றாவது, வலியும் கூச்சமும் ஒன்று சேர்வது. ஒவ்வொரு ட்ரேயும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்துகிறது. புது ட்ரே மாட்டிய முதல் இரண்டு மூன்று நாள் பல் கடுக்கும். இடம் வேண்டி பற்களுக்கு இடையே மெல்லிசாக அரம் போட்டிருந்தால் கூச்சமும் இருக்கலாம். இதன் மேல் பெராக்சைடும் சேர்ந்தால் பலர் செய்வது ஒன்றுதான்: ட்ரேயைக் கழற்றி வைத்துவிடுவார்கள். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டியது மேஜையில் கிடந்தால், அடுத்த ட்ரே பொருந்தாது. வெண்மைக்கு ஆசைப்பட்டு வரிசையை இழப்பதாக முடியும்.

நான்காவது, அலைனர் பல்லை நகர்த்தச் செய்தது. ஜெல்லைத் தேக்கச் செய்ததல்ல. இறுக்கமாகப் பிடிக்கும் உறைக்குள் ஜெல் கொஞ்சம் கூடினாலும் ஓரத்தில் பிதுங்கி ஈறில் வழியும். ஈறு வெளுத்து எரியும். ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்றாலும் அந்த ஓரிரு நாளும் ட்ரே மாட்டுவது சிரமம்.

அப்படியானால் யாருக்கு அனுமதி கிடைக்கும்? முன்பற்களில் பொட்டுகள் இல்லாதவர்கள், கடைசிச் சில ட்ரேக்களில் இருப்பவர்கள், சொத்தையோ ஈறு வீக்கமோ இல்லாதவர்கள். அவர்களுக்கும் வீரியம் குறைந்த ஜெல்லை, அந்தந்த ட்ரேயின் கடைசி நாட்களில், பல் கடுப்பு அடங்கிய பிறகு பயன்படுத்தச் சொல்வார்கள். முடிவு மருத்துவருடையதாக இருக்கட்டும்.

சிகிச்சை தொடங்கும் முன்பே வெளுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் ஒரு குறிப்பு. ப்ளீச்சிங் முடிந்த கையோடு பொட்டு ஒட்டினால் பிடிப்பு பலமாக இருக்காது. பல்லுக்குள் தங்கிய ஆக்சிஜன் பசை கெட்டிப்படுவதைத் தடுக்கும். சுமார் இரண்டு வாரம் இடைவெளி விட வேண்டும்.

காபியும் சாம்பாரும் 22 மணி நேரமும்

இந்தக் காலத்தில் உண்மையான சவால் சமையலறையில் இருக்கிறது. 22 மணி நேரம் ட்ரே வாயில் இருந்தால், கழற்றி வைக்க மிஞ்சுவது இரண்டு மணி நேரம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு வேளைக்கு 25 நிமிடம் என்றால் 75 நிமிடம் போயிற்று. பல் துலக்க 15 நிமிடம். மிச்சம் அரை மணி நேரம். காலையில் ஒரு டிகிரி காபி, சாயங்காலம் ஒரு டீ, கணக்கு சரியாகிவிடும். நடுவில் யாராவது "வாங்க, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்றால் சிக்கல்.

அந்த நேரத்தில்தான் "ட்ரேயோடயே குடிச்சிட்டா என்ன?" என்று தோன்றும். மூன்று கெடுதல் உண்டு. சூட்டில் பிளாஸ்டிக் வளையும். வளைந்த உறை பல்லைச் சரியாக நகர்த்தாது. காபி உறையின் ஓரத்தில் நுழைந்து பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தங்கிக் கறையாகும். மூன்றாவதுதான் மோசம்: சர்க்கரை. சாதாரணமாக எச்சில் பல்லைக் கழுவிக்கொண்டே இருக்கும். உறைக்குள் எச்சில் தாராளமாகப் போகாது. சர்க்கரையும் கிருமியும் மட்டும் பூட்டிய அறையில் இருப்பதுபோல் இருக்கும். எனாமலிலிருந்து கனிமம் கரைந்து சுண்ணாம்புப் பொட்டு மாதிரி வெள்ளைத் திட்டு விழும். சிகிச்சை முடிந்தபின் ப்ளீச்சிங் செய்யும்போது இந்தத் திட்டுகள் ஆரம்பத்தில் இன்னும் தூக்கலாகத் தெரியும். ட்ரே உள்ளே இருக்கும்போது தண்ணீர் மட்டும்தான். அதுவும் சுடுதண்ணீர் வேண்டாம்.

அடுத்தது மஞ்சள். மீன் குழம்போ சாம்பாரோ சாப்பிட்டுவிட்டுக் கையில் மஞ்சள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்போம். சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். மஞ்சளில் உள்ள குர்குமின் பிளாஸ்டிக்கையும் காம்போசிட் பொட்டுகளையும் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் ட்ரேயை மாட்டினால், உதட்டில் ஒட்டிய குழம்பே உறைக்குப் போதும். ட்ரே ஒன்று இரண்டு வாரத்தில் மாறிவிடும். பொட்டோ கடைசிவரை பல்லில் இருக்கும். அதனால் கவலைப்பட வேண்டியது பொட்டைப் பற்றித்தான்.

செய்ய வேண்டியது எளிது. சாப்பிட்டதும் துலக்க வசதி இருந்தால் துலக்குங்கள். புளிப்பான உணவு சாப்பிட்டிருந்தால் முதலில் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். புளிப்பில் இளகிய எனாமலை உடனே தேய்ப்பது நல்லதல்ல. வெளியிலோ அலுவலகத்திலோ இருந்தால் நன்றாகக் கொப்பளித்தாவது ட்ரேயை மாட்டுங்கள். ட்ரேயைப் பச்சைத் தண்ணீரில் மென்மையான பிரஷால் கழுவுங்கள். பற்பசை போட்டுத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அடுத்த வேளை மஞ்சள் அந்தக் கீறல்களில் குடியேறும்.

முடிந்த பிறகு: எதற்குப் பின் எது?

கடைசி ட்ரேயும் முடிந்த நாளில் மருத்துவர் பொட்டுகளைத் தேய்த்து எடுப்பார். பசை துளி மிச்சமிருந்தாலும் அந்த இடத்தில் ஜெல் வேலை செய்யாது. அதனால் பொட்டை எடுத்ததும் நன்றாகப் பாலிஷ் செய்யச் சொல்லுங்கள். கையோடு ஸ்கேலிங்கும் செய்துகொள்ளுங்கள். பலருக்கு இந்த இரண்டிலேயே பல் பாதி தெளிந்துவிடும். அத்தோடு திருப்தியாகி வீடு திரும்புபவர்களும் உண்டு.

அதன் பிறகும் வெளுக்க வேண்டுமென்றால், பல் நகராமல் காக்க இரவில் மாட்டும் ஒளி ஊடுருவும் ரீடெய்னரே ஜெல் ட்ரேயாகப் பயன்படலாம். கம்பியும் அக்ரிலிக்கும் கொண்ட பழைய மாதிரி ரீடெய்னர் இதற்கு உதவாது. பல்லின் பின்பக்கம் ஒட்டிய மெல்லிய கம்பியால் இடைஞ்சல் இல்லை. ஆனால் அந்தக் கம்பி மட்டும் உள்ளவர்கள் தனியாக ஒரு ட்ரே செய்துகொள்ள வேண்டும்.

போடும் விதத்தில் கவனம் வேண்டும். பல் துலக்கி, ட்ரேயை உலர்த்தி, ஒவ்வொரு பல்லுக்கும் அரிசி மணி அளவு ஜெல்லை ட்ரேயின் முன்சுவரின் உட்பக்கம் வையுங்கள். சிரித்தால் தெரியும் பற்களுக்கு மட்டும் போதும். மாட்டியதும் ஈறில் பிதுங்கியதை விரலாலோ பஞ்சாலோ துடைத்துவிடுங்கள். 10 சதவீத கார்பமைட் ஜெல்லுக்கு இரண்டு மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடும். இரவு முழுக்க மாட்டச் சொல்வதும் உண்டு, சில மணி நேரம் மட்டும் மாட்டச் சொல்வதும் உண்டு. காலையில் பல்லையும் ட்ரேயையும் கழுவுங்கள். சாதாரண மஞ்சளுக்கு இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம்வரை ஆகலாம். டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கூச்சம் வந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்கள், அல்லது இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சப் பற்பசையை அதே ட்ரேயில் சிறிது நேரம் வைத்தாலும் தணியும். நிறுத்தி ஒரு வாரமாகியும் ஒரே பல் மட்டும் சுள்ளென்று குத்தினால் அங்கே சொத்தையோ விரிசலோ இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

கிளினிக்கிலேயே ஒரே அமர்வில் வெளுக்கவைக்கும் முறையில் 25 முதல் 40 சதவீதம்வரை வீரியமுள்ள பெராக்சைடு பயன்படும். ஈறைப் பாதுகாக்கத் தடுப்புப் பூசிச் செய்வார்கள். நாற்காலியை விட்டு எழும்போது தெரியும் வெண்மையில் ஒரு பங்கு, வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பல் உலர்ந்ததன் விளைவு. ஓரிரு நாளில் அது சற்று இறங்கும். ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம்.

வெளுத்த நிறம் நிலைக்க இரண்டு வாரம் கொடுங்கள். முன்பல்லில் பழைய அடைப்போ கேப்போ இருந்தால் அது வெளுத்திருக்காது. பக்கத்துப் பல்லின் புது நிறத்துக்கு ஏற்ப அதை மாற்ற வேண்டும். அந்த வேலையை இந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரிப்படாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தள்ளிப்போடுவது நல்லது. அடிபட்டு உயிரிழந்து கறுத்த ஒற்றைப் பல்லுக்கு ட்ரே ஜெல் போதாது. ரூட் கெனால் செய்து பல்லுக்கு உள்ளிருந்து வெளுக்கவைக்கும் முறை தனியாக உண்டு. ஃபுளோரைடு திட்டு உள்ளவர்களுக்கு ப்ளீச்சிங்கோடு வேறு சிகிச்சைகளும் சேர வேண்டியிருக்கும். பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு அவசரம் வேண்டாம்.

இணையத்தில் வாங்கும் ஜெல்லில் எத்தனை சதவீதம் என்ன இருக்கிறது என்று டப்பாவில் தெளிவாகப் போட்டிருக்காவிட்டால் வாங்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பல் வெண்மைப் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்க முடியும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பயன்படுத்தவும் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண அழகுசாதனமாக அதை அவர்கள் கருதவில்லை என்பதே நமக்குப் பாடம்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்பு, சாம்பல், செங்கல் பொடி, இப்போது புதுப் பெயரில் வரும் கரித்தூள் பற்பசை எல்லாம் செய்வது தேய்ப்பு வேலை. மேற்கறை போகும், கூடவே எனாமலும் போகும். எலுமிச்சைச் சாறு தடவினால் எனாமல் கரையும். எனாமல் மெலிந்தால் அடியில் இருக்கும் மஞ்சள் டென்டின் இன்னும் தெரியும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொள்ளும் வழி இது. போன எனாமல் திரும்ப வளராது.

எவ்வளவு வெள்ளை போதும் என்று கேட்டால், கண்ணின் வெண்படலத்தோடு ஒத்துப்போகும் அளவு போதும். அதைத் தாண்டினால் சிரிப்பைப் பார்க்கும் முன் பல்லைத்தான் பார்ப்பார்கள். ப்ளீச்சிங் நிரந்தரமும் அல்ல. காபியும் வயதும் வேலையைத் தொடரும். சில வருடம் கழித்து ஓரிரு இரவு ஜெல் போட்டால் நிறம் திரும்பிவிடும். அதற்கு வேண்டிய ட்ரே, தினம் இரவில் மாட்டும் ரீடெய்னராக உங்களிடமே இருக்கும். ஆகவே அந்த ரீடெய்னரைத் தொலைக்காதீர்கள். கழற்றியதும் டிஷ்யூ தாளில் மடித்து வைக்காமல் அதற்குரிய டப்பாவில் போடுங்கள்.